புளிப்பு வீட்டு ஈக்கள்

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஈயைக் கொல்கிறவள், சின்னவள் ஈயை வளர்க்கிறவள். இரண்டுமே முறையான உத்தியோகம். பெரியவளைக் கட்டிக்கொண்டவன் நான் என்பதால் இரண்டு பக்கத்து நியாயங்களையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டு வந்திருக்கிறேன்.

பெரியவளுக்கு வினிகர் ஆலையில் சுகாதாரப் பிரிவு முழுக்கப் பொறுப்பு. பாட்டிலுக்குள் ஒரே ஓர் ஈ மிதந்தாலும் உருளுவது அவள் தலைதான். சின்னவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மூன்றாவது மாடியில் அவளுக்கு ஒரு நீள அறை. அலமாரி நிறையக் கண்ணாடிக் குப்பிகள். குப்பிக்கு அடியில் வேகவைத்த மாவுக்கூழ், வாயில் பஞ்சு, நடுவில் எள்ளுக்குச் சிறகு முளைத்தாற்போலப் பழ ஈக்கள். சின்னவள் என்ன செய்கிறாள் என்று உறவினர் யாராவது கேட்டால், "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கா" என்பார் மாமனார். பாவம், வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று யாருக்குத் தெரியும்?

நான் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் ஒலிப்பொறியாளன். விளம்பரக் குரல்கள், பேசும் புத்தகங்கள், எப்போதாவது ஒரு பாடகர் குழு. ஈக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் பெரியவள் எரிச்சலோடு சாப்பிட உட்கார்ந்தாள். ஆலையில் பழைய கட்டடம் ஒன்று உண்டு, புளிக்கூடம் என்பார்கள். ஆளுயரத்துக்கு மேலான மரத்தொட்டிகளில் மரச்சீவலை அடைத்து, அதன் வழியாகச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டுப் புளிக்கவைப்பார்கள். உள்ளே நுழைந்தாலே கண் எரியும். அங்கே ஈ பெருகிவிட்டது. கனிந்த வாழைப்பழத்தை வைத்து, மேலே புனலைக் கவிழ்த்து, பொறி செய்து வைத்தாள். ஒன்றுகூட விழவில்லை. அதே பொறியைச் சாலைக்கு அந்தப் பக்கம் பழக்கிடங்கு வாசலில் வைத்தால் சற்று நேரத்தில் உள்ளே கறுத்துப் போகிறதாம்.

"பழ ஈன்னு பேரை மட்டும் வச்சுக்கிட்டு, பழத்தைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. மூக்கு செத்துப்போச்சா அதுக்கு?" என்றாள்.

சின்னவள் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். "பொறிக்குப் பக்கத்துல ஈ இருந்துச்சா, இல்லையாக்கா?"

"இல்லாம? பொறியைத் தாண்டிப் போயி தொட்டியில உக்காருது. என்னைக் கேலி பண்ற மாதிரி."

சின்னவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாளைக் காலையில் தன்னை ஆலைக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அக்காவைப் பிடித்துக்கொண்டாள். கூடவே பழக்கிடங்குக்கும் போக வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் ஒரே குடும்பமான்னு பாக்கணும்" என்றாள்.

மறுநாள் நடந்ததைப் பெரியவள் வாயால் கேட்க வேண்டும். ஈ பிடிக்கச் சின்னவளிடம் ஒரு குழாய் இருக்கிறது. ஒரு முனையை வாயில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஈக்குப் பக்கத்தில் நீட்டி உறிஞ்ச வேண்டும். ஈ வாய்க்குள் போகாமல் நடுவில் ஒரு வலைத்துணி. இதைக் கவ்விக்கொண்டு புளிக்கூடத்தில் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். புதிதாகப் பூச்சி ஒழிக்க வந்த ஆளா என்று மேற்பார்வையாளர் கேட்க, பெரியவள் ஆமாம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். அதற்குள் தொட்டி உச்சியிலிருந்து, "அக்கா, இங்க பாரு, எவ்வளவு அழகா இருக்கு" என்று குரல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

இரண்டு பக்கத்து ஈக்களையும் நுண்ணோக்கியில் வைத்துச் சின்னவள் எங்களுக்குக் காட்டினாள். அதே சிவப்புக் கண், அதே வரிபோட்ட வயிறு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லையாம். ஆனால் கூழில் வினிகரைத் தாராளமாகக் கலந்து கொடுத்தபோது கதை மாறியது. கிடங்கு ஈக்கள் அதில் இட்ட முட்டையெல்லாம் புழுவாகி, புழுப் பருவத்திலேயே செத்தன. புளிக்கூடத்து ஈக்களின் புழுக்களோ அதில் கொழுகொழுவென்று புரண்டன.

அவள் விளக்கியது எனக்குப் புரிந்தவரை இதுதான். என்றைக்கோ ஒரு நாள் கிடங்கிலிருந்து சில ஈக்கள் சாலையைத் தாண்டிப் புளிக்கூடத்துக்குள் போயிருக்கும். அந்தக் காட்டத்தில் பெரும்பாலானவை செத்திருக்கும். அதைத் தாங்கும் தன்மை தற்செயலாக உடம்பில் வாய்த்த ஒன்றிரண்டு பிழைத்திருக்கும். அவற்றின் பிள்ளைகளிலும் தாங்கியவை மட்டும் பிழைத்திருக்கும். ஆலை எங்கள் தாத்தா பிறப்பதற்கும் முந்தியது. ஈக்கோ இரண்டு வாரம் ஒரு தலைமுறை. மனிதக் கணக்கில் பார்த்தால், நாம் குகையில் படுத்த காலம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் அவை அந்தக் கட்டடத்துக்குள் நடந்து வந்திருக்கின்றன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவற்றுக்குப் புளிப்பு வீட்டார், பழ வீட்டார் என்று பெயர் நிலைத்துவிட்டது.

சின்னவளுடைய பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் "அப்புறம் சார்". என்ன முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "சரி, அப்புறம்?" என்பார். இதற்கும் அதையேதான் சொன்னார். புது இடத்துக்குப் பழகிய ஈ உலகமெங்கும் இருக்கிறது. அதனால் அது தனி இனமாகிவிடுமா? இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் கல்யாணம் பண்ணிக்கொள்ளுமா, கொள்ளாதா? அதைச் சொல் என்றார்.

சின்னவள் அதைச் சொன்னாள். இன்னும் யாரோடும் சேராத பெண் ஈக்களாகப் பொறுக்கி எடுத்து, புளிப்பு வீட்டுப் பெண்ணிடம் பழ வீட்டுப் பையனை விட்டாள். அவன் பின்னாலேயே போனான், காலால் தொட்டான், ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து அதிரவிட்டான். அவள் நின்று திரும்பி விட்டாள் ஓர் உதை. அடுத்த பெண்ணும் உதைத்தாள். அடுத்தவளும். பழ வீட்டுப் பெண்களும் புளிப்பு வீட்டுப் பையன்களை ஏற்கவில்லை; ஆனால் உதைக்காமல், நாகரிகமாக நகர்ந்து போனார்கள். அவரவர் வீட்டுப் பையனை விட்டதும் இரண்டு தரப்புக்கும் ஒரு மறுப்பும் இல்லை.

இதை எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, உதைகளையெல்லாம் நடித்துக் காட்டிவிட்டு, மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"மாமா, பாக்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி. அப்புறம் எதை வச்சு வேண்டாங்கிறா? அந்தச் சிறகு அதிருதே, அது பாட்டு. நம்ம காதுக்குக் கேக்காது. உங்ககிட்ட இருக்கிற மைக்குக்குக் கேக்குமா?"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் தங்கள் குரலைப் பதிவுசெய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை.

ஈக்கள் காலையில்தான் உற்சாகமாக இருக்குமாம். அதனால் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வாடிக்கையாளர் வருவதற்கு முன்னால் இருவரும் போய்விட்டோம். என்னிடம் இருந்ததிலேயே நுட்பமான மைக்கைக் குரலறையில் மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் மேல் விரல்நுனி அகலத்துக்கு ஒரு வளையம், அடியில் மெல்லிய வலை, மேலே கண்ணாடி. உள்ளே ஒரு ஜோடி. ஏசி சத்தம் போடும் என்று நிறுத்தினேன். விளக்கின் முனகல்கூடக் கேட்கும் என்பதால் ஒரு சின்ன விளக்கை மட்டும் வைத்துவிட்டு, வெளியே வந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியைக் கூட்டினேன், கூட்டினேன், அதற்கு மேல் கூட்ட இடமில்லாதவரை கூட்டினேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளே ஏதோ மெல்லிய சுரண்டல். அது என்னவென்று புரிந்தபோது என் கை மயிர் நட்டுக்கொண்டது. ஈ நடக்கிறது. ஆறு கால்களால் வலையின் மேல் நடக்கிற சத்தம் என் காதில் விழுகிறது. அப்புறம் நடை நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு டப், டப், டப், டப் என்று, தூரத்தில் யாரோ ஓட்டுகிற மோட்டார் படகைப்போல, ஒரு தாளம் தொடங்கியது.

நான் ஹெட்போனைக் கழற்றிச் சின்னவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே என் தோளில் ஓங்கி அடித்தாள்.

முதலில் புளிப்பு வீட்டுப் பையன்களைப் பாடவைத்தோம், பிறகு பழ வீட்டுப் பையன்களை. ஒலி அலைகளைத் திரையில் விரித்துப் பார்த்தால் வித்தியாசம் பட்டவர்த்தனமாக இருந்தது. புளிப்பு வீட்டார் நிறுத்தி நிதானமாகத் தட்டுகிறார்கள்; பழ வீட்டார் படபடவென்று கொட்டுகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவளுக்குப் போன் போட்டு இரண்டையும் வாயாலேயே தாளம் போட்டுக் காட்டினேன். சின்னவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு மெதுவாக நின்றது.

"மாமா, உங்க சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

ஏசியை நிறுத்திவிட்டோமே, அறை கொதிக்கிறது என்றேன். அவள் குரலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். முகம் சுருங்கியிருந்தது. சூடு ஏற ஏற ஈ வேகமாகப் பாடும். நாம் புளிப்பு வீட்டாரைக் குளிர்ந்த அறையிலும் பழ வீட்டாரைச் சூட்டிலும் பாடவைத்திருக்கிறோம் என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவு பெரிய வித்தியாசம் சூட்டால் மட்டும் வந்துவிடுமா என்று வாதாடினேன்.

"வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இது அவங்க பாட்டோட வித்தியாசம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. உங்க ரூமோட வித்தியாசமா இருக்கலாம். அழிச்சிடுங்க."

என் தொழிலில் நல்ல பதிவை அழிப்பது பாவம். அழித்தேன்.

மறுநாளிலிருந்து வேறு முறை. ஒரு ஜோடி பாடி முடித்ததும் ஏசியைப் போட்டு அறையைப் பழைய குளிருக்குக் கொண்டுவருவோம். பிறகு நிறுத்திவிட்டு அடுத்த வீட்டு ஜோடி. மாற்றி மாற்றி, மாற்றி மாற்றி. விளம்பரக் குரல் கொடுக்க வந்த நடிகர் ஒருவர் வாசலில் காத்திருந்து, உள்ளே யார் பாடுகிறார்கள் என்று கேட்டார். புதுமுகங்கள் என்றேன். அந்த வாரக் கடைசியில் பார்த்தால், முதல் நாள் கண்ட வித்தியாசத்தில் பாதி ஆவியாகிப் போயிருந்தது. மீதிப் பாதி அசையவில்லை. எத்தனை முறை பதிந்தாலும், யாரை முதலில் பாடவைத்தாலும், புளிப்பு வீட்டார் ஒரு மயிரிழை நிதானமாகத்தான் தட்டினார்கள். சின்னவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதல் நாளைவிட இந்தப் பாதிக்குத்தான் அவளுக்கு மகிழ்ச்சி அதிகம்.

அப்புறம் சார் கேட்டுவிட்டு, "சரி, அப்புறம்?" என்றார். பாட்டுப் பிடிக்காமல் விலகி நிற்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். தப்பித் தவறி ஒரு ஜோடி சேர்ந்து பிள்ளை பெற்றுவிட்டால்? அந்தப் பிள்ளைகள் நன்றாக இருந்தால் பேரன் பேத்தி காலத்தில் இரண்டு வீடும் மறுபடி ஒன்றாகிவிடும். கலப்புப் பிள்ளைகளைக் காட்டு என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் சேரவே மாட்டேன் என்று உதைக்கிறவர்களிடம் பிள்ளைக்கு எங்கே போவது?

அந்த யோசனையில் அவள் இருந்தபோதுதான் இடி விழுந்தது. ஈக்குப்பிகளை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி விடுமுறை நாளில் சிக்கிக்கொண்டு, பெட்டி அடுப்பாகிவிட்டது. காலையில் திறந்தபோது இரண்டு வீட்டாரும் கூழோடு கூழாகக் காய்ந்து கிடந்தார்கள். பழ வீட்டாரைப் பற்றிக் கவலை இல்லை. கிடங்கில் கையை வீசினால் அகப்படும். புளிப்பு வீட்டார்? அதற்கு முந்தைய வாரம்தான் பெரியவள் புளிக்கூடத்தைக் காலி செய்து, தொட்டிகளைச் சுரண்டி, புகையடித்து முடித்திருந்தாள். புகையடிக்கும்போது சின்னவள் கொஞ்சம் கெஞ்சித்தான் பார்த்தாள். "ஊரே வாயில வைக்கிற பொருள்டி. உன் ஆராய்ச்சிக்காக நான் அதுல ஈயை விட முடியாது" என்று அக்கா சொல்ல, பரவாயில்லை, என்னிடம்தான் குப்பி குப்பியாக இருக்கிறதே என்று அவளும் விட்டுவிட்டாள். இப்போது குப்பியிலும் இல்லை, கூடத்திலும் இல்லை.

சின்னவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பெரியவள் விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கையின் பையைத் திறந்து அந்த உறிஞ்சுகுழாயையும் இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு, வண்டியை எடுங்கள் என்று என்னிடம் சைகை காட்டினாள்.

போகும் வழியில் சொன்னாள். தொட்டிகளைக் காலி செய்தபோது உள்ளே இருந்த பழைய மரச்சீவலையெல்லாம் கொதிகலன் அறைக்குப் பின்னால் கொட்டியிருக்கிறார்கள். வினிகரில் ஊறிய சீவல். அங்கே புகையடிக்கவில்லை. ஈ இருந்தால் அதற்குள்தான் இருக்க வேண்டும். அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு போக லாரிக்குச் சொல்லியிருந்ததும் அவள்தான். அதுவும் அன்றைக்கே.

நாங்கள் ஆலைக்குள் திரும்பியபோது லாரி சீவலை நிரப்பிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தது. பெரியவள் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"மேடம், நீங்கதானே இன்னைக்கே போயாகணும்னு சொன்னீங்க?"

"இப்ப வேணாங்கிறேன். வண்டியை ஆஃப் பண்ணுங்க."

சக்கரத்தில் கால் வைத்து ஏறிச் சீவல் மேல் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழாயைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். ஈயை வாயால் உறிஞ்சுகிறவளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதே பெரிய விஷயம் என்பாள். இப்போது அதை வாயில் கவ்விக்கொண்டு, சீவலை ஒரு கையால் புரட்டிக்கொண்டே போனாள். அடியில் ஈரமாக இருந்த இடத்தில் புரட்டியபோது ஒரு கரும்புள்ளி எழும்பிப் பறந்தது. அப்புறம் இன்னொன்று. அவள் கன்னம் குழிவிழுந்து குழிவிழுந்து எழுந்ததைக் கீழே நின்று பார்த்தேன். காவலாளி என் பக்கத்தில் வந்து, மேடம் மேலே என்ன செய்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். ஈ பிடிக்கிறார் என்றேன்.

குப்பிக்கு ஒரு கைப்பிடி தேறியது. பெரியவள் தலை முழுக்க மரச்சீவலோடு இறங்கி, அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தாள். "உன் புளிப்பு வீட்டு ஆளுங்க உயிரோட இருக்காங்க. பாத்திரத்தை வச்சிட்டு வா" என்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது.

பிடித்த ஈக்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்குள் சின்னவளுக்குக் கலப்புப் பிள்ளைக்கு வழி அகப்பட்டுவிட்டது. அதை என்னிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை. பாட்டுத்தான் தடை என்றால், பழ வீட்டுப் பையனை மயக்கவாயுவில் வைத்துச் சிறகை வெட்டிவிடுவது. ஊமை மாப்பிள்ளை. அவன் புளிப்பு வீட்டுப் பெண்ணின் பின்னால் போகும்போது, கீழே இருந்து நான் புளிப்பு வீட்டுப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவது. இரவல் குரல்.

"நீங்கதான் மாமா அவனுக்குப் பின்னணிப் பாடகர்."

முதலில் சோதனைக்காகப் பழ வீட்டுப் பாட்டையே போட்டோம். உதை விழுந்தது. பிறகு புளிப்பு வீட்டுப் பாட்டை மாற்றினேன். அதே பெண், அதே ஊமைப் பையன். டப்… டப்… டப். ஓடிக்கொண்டிருந்தவள் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் நாலு தாளம். நின்றாள். நான் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைப் பிடித்த விரலை அசைக்கவில்லை. சின்னவள் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, தொடருங்கள், தொடருங்கள் என்று காற்றில் ஆட்டினாள். உதை விழவில்லை. எத்தனையோ பாட்டுகளை ஒலிக்கவிட்டிருக்கிறேன். எதுவும் இப்படி வேலை செய்ததில்லை.

கலப்புப் பிள்ளைகள் பிறந்தன. பார்க்க இரண்டு வீட்டு ஜாடையும்தான், ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஜாடை. ஒரு பக்கம் வாழைப்பழம், ஒரு பக்கம் வினிகர் வைத்து நடுவில் விட்டால், இந்தப் பக்கம் கொஞ்சம் போகும், திரும்பும், அந்தப் பக்கம் கொஞ்சம் போகும், திரும்பும். எங்கே போய்ச் சாப்பிடுவது என்றே முடிவெடுக்கத் தெரியாமல் அலைந்தன. பெண் பிள்ளைகள் முட்டையிட்டன. அதில் குறை ஒன்றுமில்லை. ஆண் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும் என்று சின்னவள் சொன்னாள். இரண்டு இனங்கள் பிரியும்போது கோளாறு முதலில் பையன்களிடம்தான் தலைகாட்டுமாம்.

அவள் ஆய்வறையில் அன்று பெரியவளும் இருந்தாள். சின்னவள் ஓர் ஆண் ஈயின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த மஞ்சள் சுருள் ஒன்றை உப்புநீர்த் துளியில் எடுத்து வைத்து, கண்ணாடியால் அழுத்தினாள். முதலில் பழ வீட்டுப் பையன் ஒருவனுடையதை எங்களுக்குக் காட்டினாள். உள்ளே விந்தணுக்கள், வெள்ளி நூல்போலக் கற்றை கற்றையாக, அலையடிக்கிற மாதிரி நெளிந்துகொண்டிருந்தன. அவ்வளவும் உயிர். பிறகு கலப்புப் பிள்ளை. குனிந்து பார்த்தாள். நான் பார்த்தேன், அதே நெளிவு. அடுத்த பிள்ளையிலும் நெளிவு. சின்னவளின் உதடு இறுகியது. இன்னொன்றை எடுத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நான் கூப்பிட்டும் நிமிரவில்லை. பெரியவள்தான் அவளை மெல்ல நகர்த்திவிட்டுப் பார்த்தாள்.

"நூல் இருக்குதுடி. ஆனா ஆடலையே. தூங்குதா?"

"தூங்கலைக்கா. அது எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது," என்றாள் சின்னவள். அடுத்ததும் ஆடவில்லை. அதற்கடுத்தது ஆடியது. அன்று சாயங்காலத்துக்குள் பார்த்தவற்றில் ஏறக்குறைய பாதிப் பையன்கள் மலடு, பாதிப் பேர் இல்லை.

அப்புறம் சார் வந்தார். நின்றபடியே ஒரு கண்ணால் பார்த்தார். எல்லாரும் மலடாக இருந்தால் தனி இனம் என்று சொல்லலாம், யாருமே இல்லையென்றால் ஒரே இனம் என்று சொல்லலாம். இது இரண்டுங்கெட்டானாக இருக்கிறதே என்றார். சின்னவள் அவருக்குப் பதில் சொன்ன குரலில் மரியாதை இருந்தது, பயம் கொஞ்சமும் இல்லை.

"அதுதான் சார் விஷயமே. பிரிஞ்சு முடிஞ்ச இனத்தை எல்லாரும் பாத்திருக்காங்க. இவங்க இன்னும் பிரிஞ்சு முடியலை. பாட்டு பிரிஞ்சிடுச்சு, சாப்பாடு பிரிஞ்சிடுச்சு, பிள்ளைங்க விஷயத்துல பாதிதான் பிரிஞ்சிருக்கு. ஒரு சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நடந்துக்கிட்டே இருக்கும்போதே பிடிச்சிருக்கோம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்த பையனை எடு என்றார். அதற்கடுத்ததையும் எடுக்கச் சொன்னார். வகுப்புக்கு வரவில்லையே என்று தேடி வந்த மாணவர்களையும் உள்ளே வரவழைத்து, ஒவ்வொருவராகப் பார்க்கவைத்தார். என்னிடம் திரும்பி, பாட்டை இன்னொரு முறை கேட்க முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். அன்று அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியவள் மட்டும் ஒரு ஓரமாக நின்று, தங்கை பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் அந்த ஆய்வு வெளியானது. வெகுதூரத்து ஆய்வுக்கூடங்கள் இரண்டு, குப்பிகளை வரவழைத்துச் சோதித்துப் பார்த்து, சொன்னது சரிதான் என்றன. பாட்டை எந்த மரபணு மாற்றியது, மலட்டுத்தன்மை எதிலிருந்து வந்தது என்று சின்னவளோடு இப்போது ஒரு குழுவே தேடுகிறது. பெரியவள் தன் வேலையில் தளரவில்லை. பாட்டில் நிரப்பும் பக்கம் ஓர் ஈ தலைகாட்ட முடியாது. ஆனால் பழைய சீவலில் ஒரு பகுதியை மதிலுக்கு வெளியே, வலை அடித்த கொட்டகைக்குள் வைத்துக்கொள்ள ஆலை நிர்வாகத்திடம் அவளே பேசி அனுமதி வாங்கினாள். தன்னைப்போல வேறு ஊர்களில் வினிகர் ஆலைகளில் இருக்கும் சுகாதார அதிகாரிகளிடமும் போனில் விசாரிக்கத் தொடங்கினாள். அவர்களில் ஒருத்தி, எங்கள் ஆலை உங்களுடையதைவிடப் பழையது, ஈயும் உங்களுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்று சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மூவருமாக அங்கே கிளம்பினோம். வழி நெடுக அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வாக்குவாதம். அந்த ஆலை ஈக்களும் புளிப்புக்குப் பழகியிருந்தால், நம் புளிப்பு வீட்டாரோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளுமா? கொள்ளும், ஒரே சாப்பாடு, ஒரே குணம் என்றாள் பெரியவள். கொள்ளாது, அவை தனியாகப் பழகியிருக்கும், பாட்டு வேறாகத்தான் இருக்கும் என்றாள் சின்னவள். இரண்டில் எதுவாக இருந்தாலும் பெரிய சேதிதான் என்று அவளே சொல்லிவிட்டு, அப்படியும் வாதத்தை விடவில்லை. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பாடவைத்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றேன்.

ஆற்றோரமாக ஒரு திருப்பத்தில் அந்த ஆலையின் செங்கல் சுவர் தெரிந்தது. அதற்கு முன்பே காற்றில் புளிப்பு வந்து மூக்கில் ஏறியது. வாசலில் வெள்ளை அங்கியோடு ஒருத்தி எங்களுக்காகக் காத்து நின்றாள். நான் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் இரண்டு பக்கக் கதவுகளும் திறந்துகொண்டன. ஆளுக்கொரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் அவளை நோக்கி ஓடினார்கள். நான் கதவுகளைச் சாத்திவிட்டு, மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.